கோளாறு பேட்டரியில் இல்லை

நைனா,

நேற்று ஒரகடம் கூட்டுரோட்டில் இருக்கும் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்குப் போயிருந்தேன். வீட்டிலிருக்கும் பழைய கம்ப்யூட்டர் சில நாளாகவே நேரத்தைத் தப்புத் தப்பாகக் காட்டிக்கொண்டிருந்தது. காலையில் போட்டால் முந்தின நாள் ராத்திரியிலேயே நிற்கும். கரண்ட் பில் கட்டப் போனால், தேதி சரியில்லை என்று சொல்லி பேங்க் பக்கம் திறக்க மறுக்கும். கடைக்காரர் பெட்டியின் பக்கத் தகட்டைக் கழற்றி, நகத்தால் நெம்பி, காசு மாதிரி வட்டமாக ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார்.

"பேட்டரி பூட்ச்சி மேடம். வேற ஒண்ணும் இல்ல."

புதியதைப் போட்டதும் சரியாகிவிட்டது. நான் டீ குடித்து முடிப்பதற்குள் வேலை முடிந்தது. செத்த பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டு நான் சிரித்ததைப் பார்த்து அவருக்கு ஒன்றும் புரியவில்லை. அன்றைக்கும் இவ்வளவு சுலபமாக முடிந்திருந்தால், நீ கம்பெனி கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் அத்தனை நாள் உட்கார்ந்திருக்க வேண்டாம். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் போலிருந்தது. நீ போய்ச் சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில் நம் கம்பெனிக்குக் கம்ப்யூட்டர் வந்தது. பம்ப்செட் மோட்டார் செய்கிற கம்பெனி. நீ அசெம்பிளி லைனில் ஃபிட்டர். நான் வருகைக் கணக்குப் பார்க்கிற டைம் ஆபீஸில் டைப்பிஸ்ட்டாகச் சேர்ந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. காஞ்சிபுரத்தில் கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள் அங்கே நான் ஒருத்திதான் என்பதால் அந்தப் பெட்டி என் பொறுப்புக்கு வந்தது. கண்ணாடிக் கதவு போட்டு, ஏசி வைத்து, அதற்கென்றே ஓர் அறை கட்டினார்கள். உள்ளே போகிறவர்கள் செருப்பை வெளியே கழற்றிவிட்டுப் போக வேண்டும். அந்த அறையைக் கடக்கும்போதெல்லாம் நீ கையெடுத்துக் கும்பிடுவாய்.

"கற்பூரம் காட்றதுதான் பாக்கி பாப்பா" என்பாய். நான் பெரிய கறுப்பு ஃப்ளாப்பியை உள்ளே தள்ளுவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டு ஒருநாள், "இன்னா, அப்பளத்த உள்ள சொருவினு கீற?" என்று கேட்டாய். பக்கத்தில் நின்ற செக்யூரிட்டிகூடச் சிரித்துவிட்டார்.

அதற்கு முன்பெல்லாம் சுவரில் மாட்டிய பஞ்சிங் கடிகாரத்தில் அட்டையைச் சொருகினால் 'டொக்' என்று நேரம் பதியும். இப்போது ஆளுக்கொரு பிளாஸ்டிக் கார்டு. வாசலில் இருந்த கருவியில் அதை இழுத்தால், கம்ப்யூட்டர் தன் கடிகாரத்தைப் பார்த்து நேரத்தைக் குறித்துக்கொள்ளும். ஆனால் ஷிப்ட் முடிகிற சங்கை மட்டும் செக்யூரிட்டிதான் ஊதுவார், கேட்டில் மாட்டியிருந்த பெரிய கடிகாரத்தைப் பார்த்து. ஆக, ஒரே கம்பெனிக்குள் இரண்டு கடிகாரம். அது சரியாக இருந்தவரை யாருக்கும் தெரியவில்லை.

முதலில் கவனித்தவள் நான்தான். ஒரு சாயங்காலம் திரையில் இருந்த நேரம் கேட் கடிகாரத்தைவிடப் பின்னால் இருந்தது. பர்சனல் ஆபீசர் ராமநாதன் சாரைக் கூப்பிட்டுக் காட்டலாம் என்று எழுந்தேன். அதற்கு முன், கோர்ஸில் சொல்லிக்கொடுத்த பழக்கத்தில், ஒரு முறை அணைத்துவிட்டுப் போட்டேன். சார் வந்து, செருப்பைக் கழற்றி, உள்ளே வந்து பார்த்தால், திரையின் நேரம் அவர் கைக்கடிகாரத்தோடு அச்சாகப் பொருந்தி நின்றது.

"எங்கம்மா ஸ்லோ?" என்றார்.

பிறகு மெட்ராஸிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் முரளி வந்தார். காலையில் வந்தார், காலையில் அது சரியாகத்தான் இருக்கும். எதற்கும் இருக்கட்டும் என்று பேட்டரியை மாற்றிவிட்டுப் போனார். மறுபடி சாயங்காலம் பின்னால் போனது. மறுபடி வந்து மறுபடி பேட்டரி மாற்றினார். "நல்லாத்தானே ஓடுது மேடம்?" என்று அவர் கேட்ட விதத்திலேயே, இந்தப் பெண்ணுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா என்ற சந்தேகம் இருந்தது.

கடிகாரம் பின்னால் போனதில் பெரும்பாலானவர்களுக்கு ஒரு நஷ்டமும் இல்லை. சங்கு ஊதிய பிறகு கை கழுவி, சட்டை மாற்றி, பேசிக்கொண்டே வந்து கார்டு இழுப்பார்கள். அவர்கள் இழுக்கும்போது கம்ப்யூட்டர் கடிகாரமும் ஷிப்ட் முடிகிற நேரத்தைத் தாண்டியிருக்கும். மாட்டியது ஓடுகிறவர்கள்தான். வாலாஜாபாத் போகும் பஸ் சங்கு ஊதியதுமே கூட்டுரோட்டுக்கு வந்துவிடும். அதை விட்டால் அடுத்த பஸ் எப்போது வருமோ. அதனால் நீ எண்ணெய்க் கையோடு ஓடிவந்து வரிசையில் முதலில் நிற்பாய். உன் பின்னால் அதே பஸ்ஸுக்கு இன்னும் இரண்டு பேர். அப்புறம் ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸைப் பிடிக்கிற மண்ணூர் ஜோசப். உங்கள் நான்கு பேரையும் கம்ப்யூட்டர், சங்குக்கு முன்பே கிளம்பினவர்கள் என்று குறித்துக்கொண்டே வந்தது.

மெமோ வந்தது. அந்த இரண்டு பேரும் வம்பு எதற்கு என்று மன்னிப்பு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். ஜோசப் டெம்பரரி. அவருக்கு மெமோகூடக் கிடையாது. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சூப்பர்வைசர் சொன்னார், அவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போய்விட்டார். நீ மட்டும் எழுத மாட்டேன் என்றாய்.

"நான் இன்னாத்துக்கு சார் எழுதணும்? சங்கு ஊதி, ஸ்பேனரப் பொட்டில வெச்சிட்டுத்தான் கெளம்புனேன். பஸ்ஸப் புடிச்சதுக்கு மன்னிப்பு கேக்கணுமா?"

"கம்ப்யூட்டர் பொய் சொல்லாதுப்பா" என்றார் ராமநாதன் சார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே அப்படி நம்பினார். அந்தக் காலத்தில் எல்லோருமே நம்பினோம்.

அன்று சாயங்காலம் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. அம்மாதான் முதலில் பேசினாள்.

"உன் கைலதானே கீது பாப்பா அந்தப் பொட்டி? நேரத்த மாத்தி வுட்ரு. யாருக்குத் தெரியப் போவுது?"

யாருக்கும் தெரியாதுதான். உன் பெயருக்கு நேரே போய் இரண்டு மூன்று எண்களைத் தட்டினால் போதும். நானும் அதை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். நீ தட்டைக் கீழே வைத்தாய். கோபமில்லை, சத்தமில்லை.

"தட்டிட்டன்னு வெய்யி. அப்புறம் நான் மெய்யாலுமே சங்குக்கு முன்ன கெளம்புனவன்தான். பொட்டி கெட்டுப் போயிருந்தா, கெட்டுப் போச்சின்னு சொல்லு. எனக்கோசரம் எதையும் தட்டாத."

மறுநாள் காலை நேராக ராமநாதன் சாரிடம் போய்ச் சொன்னேன். கடிகாரம் சாயங்காலத்தில் பின்னால் போகிறது, முன்பே சொல்லியிருக்கிறேன், என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"கமலா, நீ வேற யாருக்காவது சொல்லியிருந்தா நான் யோசிப்பேன். உங்கப்பாவுக்காக நீயே வந்து சொன்னா, நான் எப்படிம்மா எடுத்துக்கறது?"

என் வாயிலிருந்து வந்தால் உண்மைகூட உனக்குச் செய்கிற சலுகையாகத்தான் தெரியும். இயந்திரத்தைக் கவனிக்கிறவள் நான் ஒருத்தி, நம்பத் தகாதவளும் நான் ஒருத்தி. அறைக்கு வந்து கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

உன்னை சஸ்பெண்ட் செய்தார்கள். அதற்கு அடுத்த காலையும் நீ யூனிஃபார்ம் போட்டுக்கொண்டு என்னோடு அதே பஸ்ஸில் ஏறினாய். கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாய். நான் கெஞ்சினேன். "வேலைக்கு வந்தவன் நானு. உள்ள வுடலன்னா அது அவுங்க பாடு" என்றாய். சங்கு ஊதும்வரை உட்கார்ந்திருந்து, ஊதியதும் எழுந்து, எப்போதும் போல வாலாஜாபாத் பஸ்ஸுக்கு ஓடினாய். மழைக்காலம். டீக்கடையின் ஓலைக் கூரை ஒழுகும். நீ குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிறவர்களிடம் பேசிச் சிரித்துக்கொண்டிருப்பதை டைம் ஆபீஸ் ஜன்னலிலிருந்து பார்ப்பேன். லைனிலிருந்து ஆட்கள் டீ குடிக்க வந்தால், "ரெண்டாம் நம்பர் பெஞ்சுல அந்த பேரிங் ஒயுங்கா ஒக்காருதா?" என்று விசாரிப்பாயாம். அந்தச் சிரிப்பு நாளாக ஆக இளைத்துக்கொண்டு வந்தது. அதுவும் ஜன்னலிலிருந்து தெரிந்தது.

அழுது பிரயோஜனமில்லை என்று நான் கடிகாரத்தைக் கவனிக்கத் தொடங்கினேன். காலையில் வந்ததும் சரி. டீ நேரத்தில் சரி. சாப்பாட்டு நேரத்திலும் சரி. சாயங்காலம் தப்பு. மதியத்துக்கு மேல் அதற்கு என்னவோ ஆகிறது. ஏசி குளிர் காரணமோ, கரண்ட் ஏற்ற இறக்கமோ என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். ஒருநாள் ஏசியை நிறுத்திவிட்டு வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்றும் பின்னால்தான் போனது.

அப்புறம் மழையில் மெட்ராஸிலிருந்து வர வேண்டிய ஃப்ளாப்பிப் பெட்டி வரவில்லை. ஒரு முறை கரண்ட் போய் ஸ்டோர்ஸ் கணக்கு அழிந்துவிட்டதால், தினமும் மதியம் எல்லாவற்றையும் ஃப்ளாப்பியில் காப்பி எடுத்து வைக்கச் சொல்லியிருந்தார் ராமநாதன் சார். அதற்கென்று மெட்ராஸில் ஒருவரிடம் தனியாக ஒரு புரோகிராம் எழுதி வாங்கியிருந்தார்கள். ஃப்ளாப்பி இல்லாததால் அன்று காப்பி எடுக்கவில்லை. அன்று சாயங்காலம் கடிகாரம் சரியாக இருந்தது. மறுநாளும் ஃப்ளாப்பி வரவில்லை. மறுநாளும் சரி. பெட்டி வந்து சேர்ந்ததும், திரையில் நேரத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு ஒரு ஃப்ளாப்பியைப் போட்டேன். கரகரவென்று ஓடி முடிந்தது. கேட் கடிகாரத்தின் முள் நகர்ந்திருந்தது. திரையின் நேரம் கிட்டத்தட்ட இருந்த இடத்திலேயே இருந்தது.

வாசலுக்கு ஓடிவந்து உன்னைக் கையைக் காட்டிக் கூப்பிடலாம் என்று தோன்றியது. கூப்பிடவில்லை. நான் சொன்னால் எடுபடாது. முரளிக்கு போன் போட்டேன். நான் சொன்னதை அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "ஐயோ மேடம், பேட்டரியே இல்ல அது" என்றார்.

மறுநாள் அவரே வந்து ராமநாதன் சாரைக் கூப்பிட்டார். கம்ப்யூட்டருக்குள் இரண்டு கடிகாரம் உண்டாம். ஒன்று பேட்டரியில் எப்போதும் ஓடுவது. இன்னொன்று, பெட்டியைப் போட்டதும் அதைப் பார்த்து நேரம் வைத்துக்கொண்டு, அப்புறம் தானாக எண்ணிக்கொண்டு போவது. காப்பி எடுக்கிற புரோகிராம் வேகமாக முடிப்பதற்காக மற்ற எல்லா வேலையையும் நிறுத்தி வைக்கிறது. அந்த எண்ணிக்கையும் சேர்ந்து நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடி பேட்டரிக் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்கிறது. அதனால்தான் ராத்திரி அணைத்துவிட்டுக் காலையில் போடும்போதெல்லாம் சரியாக இருந்தது, நான் அணைத்துப் போட்ட அன்று என் மானமும் போனது.

"சார், நான் எதையும் தொட மாட்டேன். நீங்களே பாருங்க" என்று சொல்லிவிட்டு நான் வெளியே வந்து கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றேன். ராமநாதன் சார் யோசித்துவிட்டு, டீக்கடைக்கு ஆளனுப்பி உன்னையும் வரச் சொன்னார். நீ செருப்பைக் கழற்றிவிட்டு, ஈரக் காலோடு முதல் முறையாக அந்த அறைக்குள் போனாய். குளிரில் உன் தோள் நடுங்கியது எனக்கு வெளியிலிருந்து தெரிந்தது. சார் தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கீபோர்டு பக்கத்தில் வைத்தார். முரளி ஃப்ளாப்பியைப் போட்டார், எடுத்தார், அடுத்ததைப் போட்டார். மூன்று பேரும் அசையாமல் குனிந்து நின்றீர்கள். கண்ணாடிக்கு வெளியே எதுவும் கேட்கவில்லை. கடைசியில் சார் நிமிர்ந்து உன்னைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது.

கதவைத் திறந்துகொண்டு வந்தபோது அவர் சொன்னது மட்டும் கேட்டது. "மெமோவ வாபஸ் வாங்கிக்கறேன். தப்பு எங்க மேலதான். நாளைக்கு டூட்டிக்கு வாங்க."

நான் எதிர்பார்த்தது உன் சிரிப்பை. நீ சிரிக்கவில்லை.

"வரேன் சார். ஜோசப்ப யாரு கூப்புடறது?"

"அவர் டெம்பரரி. இப்ப எங்க இருக்காரோ..."

"மண்ணூருல சார். எனக்குத் தெரியும். வேல கீதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போய் இட்டாரேன்."

சார் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை நீயும் நானும் பஸ் மாறி மண்ணூர் போனோம். சர்ச்சிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தார்கள். ஜோசப்பின் மனைவி பெஞ்சைத் துடைத்துப் போட்டு டீ கொடுத்தார். நீ நடந்ததையெல்லாம் சொன்னாய், கடிகாரம், ஃப்ளாப்பி, சாரின் மன்னிப்பு எல்லாம். ஜோசப் டம்ளரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ரைஸ் மில்லுல சேந்துட்டேண்ணா. ஸ்ரீபெரும்புதூருல."

"அது இன்னா வேல ஜோசப்பு, மூட்ட தூக்கறது? கம்பெனிலதான் கூப்புடறாங்களே!"

"நீ டீக்கடைல குந்தினு கீறன்னு கேள்விப்பட்டேன். சந்தோசமாத்தான் இருந்திச்சி. நீ குந்தலாம்ணா. நீ பர்மனென்ட்டு. நான் குந்தினு இருந்தா எம்புள்ளைங்க இன்னா துன்னும்?" கோபமே இல்லாமல் சொன்னார்: "இன்னாடா ஆச்சின்னு என்னாண்ட ஒரு வார்த்த கேட்டிருந்தாங்கன்னா வந்திருப்பேன். யாருமே கேக்கலண்ணா."

நீ மறுபடி வற்புறுத்தவில்லை. டீயைக் குடித்துவிட்டு எழுந்தோம். குழந்தைகள் தெருமுனை வரை கூட வந்தார்கள்.

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். நல்லபடியாக முடிந்தது, அம்மா ரொம்ப சந்தோஷப்படுவாள் என்று ஏதோ சொன்னேன். நீ ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"ஆமா. நான் ஜெயிச்சிட்டேன்னு அல்லாரும் சொல்றாங்க" என்றாய். பிறகு, "எனக்கு உள்ள நீ இருந்த பாப்பா. அவனுக்கு யாரு கீறா?"

பஸ் வந்தது, ஏறினோம்.

திங்கட்கிழமை நீ லைனுக்குத் திரும்பினாய். காப்பி எடுப்பதை எல்லோரும் கார்டு இழுத்துப் போன பிறகு என்று மாற்றிக்கொண்டேன். ரிட்டயர் ஆகும்வரை நீ சங்கு ஊதியதும் ஓடிக்கொண்டுதான் இருந்தாய். என் கல்யாணத்துக்கு ஜோசப் மில்லிலிருந்து ஒரு மூட்டை அரிசியோடு வந்தார். நீங்கள் இரண்டு பேரும் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனியைப் பற்றி ஒரு பேச்சும் இல்லாமல், மழையைப் பற்றியும் பிள்ளைகள் படிப்பைப் பற்றியும் பேசிக்கொண்டிருந்தீர்கள். நீ போனது சாதாரணமான ஒரு மதியத்தில். சாப்பிட்டாய், வெற்றிலை கேட்டாய், படுத்தாய். எழுந்திருக்கவில்லை. நான் ஆபீஸிலிருந்து வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

இப்போது வல்லம் வடகாலில் ஒரு பெரிய கம்பெனியில் பர்சனல் வேலை பார்க்கிறேன் நைனா. ஹெச்.ஆர். என்கிறார்கள். கார்டெல்லாம் போய்விட்டது. முகத்தைக் காட்டினால் போதும். யார் எப்போது வந்தார்கள், எத்தனை முறை லைனை விட்டு எழுந்தார்கள் என்று எல்லாவற்றையும் அதுவே சொல்லிவிடுகிறது. பட்டியல் என் மேஜைக்கு வரும். கீழே கையெழுத்துப் போட வேண்டியது மட்டும்தான் என் வேலை. நான் போடுவதில்லை. முழங்கால் வலியோடு படியிறங்கி, அந்த ஆள் நிற்கிற இடத்துக்குப் போய், என்ன நடந்தது என்று கேட்டுவிட்டு வருகிறேன். மெஷின் பெரும்பாலும் சரியாகத்தான் சொல்லியிருக்கிறது. சில பேர் என் முகத்துக்கு நேராகவே பொய்யும் சொல்வார்கள். மேடத்துக்கு வேறு வேலை இல்லை என்று இளைய ஆபீசர்கள் சிரிப்பது எனக்குத் தெரியும். அப்போதெல்லாம் அந்த பஸ் ஸ்டாப்பில் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்ற உன் முகம் வந்துவிடும். இறங்கிவிடுவேன்.

போன வாரம் அப்படி ஒரு பெண். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். ஒரே வாரத்தில் பல முறை லைனை விட்டுப் போனதாகப் பட்டியலில் இருந்தது. எச்சரிக்கைக் கடிதம்கூடத் தயாராகிவிட்டது. நான் போய்ப் பக்கத்தில் நின்றதும் அவள் கையிலிருந்த வயரைக் கீழே போட்டுவிட்டாள்.

"இன்னாம்மா ஆச்சி?" என்றேன்.

என்னையும், பின்னால் நின்ற சூப்பர்வைசரையும் மாறி மாறிப் பார்த்தாள். "சொன்னா நம்புவீயளா மேடம்?"

"மொதல்ல சொல்லு."

அவள் உதடு அசைந்தது. லைன் இரைச்சலில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சூப்பர்வைசரை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டு, அவள் தோளில் கை வைத்து, சத்தமில்லாத கேன்டீன் பக்கம் அவளைக் கூட்டிக்கொண்டு நடந்தேன்.

உன்,
பாப்பா